வாயில்லாப் புத்தகம்

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கைநாட்டுத்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு, மடியிலிருந்து சின்ன வெற்றிலை உரலை எடுத்து இடிக்க ஆரம்பிப்பாள். நான் தூணில் சாய்ந்தபடி ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். "என்னத்தத்தான் தம்பி அதுல அப்படிப் பாத்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்பாள். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவாள். நாவல் எழுதப் போகிறவனுக்கு அது நல்ல பயிற்சி.

ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த நண்பர் ஒருவர், ஒரு சித்திரத் தொகுதியை எனக்கு ஒரு மாதத் தவணையில் இரவல் கொடுத்திருந்தார். இது நடந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஃபிரான்ஸ் மாஸரேல் என்ற பெல்ஜியக்காரர் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள் அவை. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். இடைப்பட்ட சாம்பல் நிறம் கூடக் கிடையாது. ஆச்சி எட்டிப் பார்த்தாள். எழுத்து இல்லை என்று கண்டதும் உரலைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். தலையில்லாத இரண்டு சிப்பாய்கள் ஒரு தூக்குக் கட்டிலைச் சுமந்துகொண்டு போகிறார்கள். கட்டிலின்மேல் கிடப்பவை அவர்களுடைய தலைகளேதாம். ஒன்று பிரெஞ்சுக்காரனுடையது, மற்றது ஜெர்மானியனுடையது. இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள் என்று விளக்கினேன். ஆச்சி கேட்டுக்கொண்டாள். பிறகு, "அது கெடக்கட்டும், எந்தத் தலை எந்த முண்டத்துக்கு?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கிற கேள்வியல்லவா இது! தலை மாறி ஒட்டிய இரண்டு பேரில் எவன் புருஷன் என்று வேதாளம் கேட்கிறது. ராஜா ஏதோ ஒரு தீர்ப்புச் சொல்கிறான். அந்தக் கதையை வைத்து ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மான் 1940-ல் ஒரு சிறு நாவல் எழுதினார். அதே தாமஸ் மான், 1926-ல் மாஸரேலின் ஒரு புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதியிருக்கிறார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஆச்சி இரண்டையும் படித்தவள் அல்ல. ஆனால் நேரே அந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

மாஸரேல் ஏன் வார்த்தைகளை வேண்டாம் என்று தள்ளினார் என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் ஞாபகம் வரும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மாஸரேல் 1889-ல் பெல்ஜியத்தின் கடற்கரை ஊரான பிளாங்கன்பெர்க்கில் பிறந்தவர்; கெண்ட் நகரில் வளர்ந்தவர்; பாரிஸில் சித்திரக்காரராகப் பிழைக்கப் போனவர். 1914-ல் யுத்தம் வந்தது. அவர் துப்பாக்கி தூக்க மறுத்துவிட்டார். யுத்தத்தின் நடுவே, சண்டையில் சேராத ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய் ஜினீவாவில் தங்கினார். தாய்நாட்டுச் சர்க்காரின் கணக்கில் அவர் படைக்கு வராமல் நின்றுகொண்டவர். ஆகையால் யுத்தம் முடிந்து பல வருஷம் வரையிலும் அவர் ஊர் திரும்ப முடியவில்லை.

அந்த நாளில் வார்த்தைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். சிப்பாய்களுக்கு முன்னால் யுத்தத்தில் போய்ச் சேர்ந்தவை அவைதாம். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் சேனை பெல்ஜியத்தில் லூவேன் நகரத்துப் பல்கலைக்கழக நூல் நிலையத்தைக் கொளுத்தியது. அக்டோபரில், எங்கள் சேனை அப்படியெல்லாம் செய்யக்கூடியதல்ல என்று 93 ஜெர்மானிய அறிஞர்கள் கையெழுத்திட்டு உலகத்துக்கு ஓர் அறிக்கை விட்டார்கள். நாடகாசிரியர் ஹௌப்ட்மன் அதில் ஒருவர். எக்ஸ்-ரே கதிரைக் கண்டுபிடித்த ரோண்ட்கன் ஒருவர். பௌதிக மேதை மாக்ஸ் பிளாங்க் ஒருவர். அவர்களில் எத்தனை பேர் அந்த நூல் நிலையத்தின் சாம்பலைப் பார்த்திருப்பார்கள்? இங்கிலாந்தில் கிப்ளிங் யுத்தத்துக்காகப் பேனாவை ஓட்டினார். மறு வருஷம் அவருடைய ஒரே மகன் லூஸ் சண்டையில் மாண்டான். நம் தாமஸ் மான் கூட அந்த வருஷம் யுத்தத்தை உயர்த்திக் கட்டுரை எழுதியவர்தாம். எழுத்துத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்தப் பட்டியலை என்னால் வேகமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

எதிர்த்து எழுதியவர் ரோமெய்ன் ரோலந்து. நம் நாட்டில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. பின்னாளில் மகாத்மாவைப் பற்றியும் பரமஹம்ஸரைப் பற்றியும் விவேகானந்தரைப் பற்றியும் எழுதியவர். சண்டைக்கு மேலே நின்று பார்க்கச் சொல்லும் அவருடைய பிரசித்தமான கட்டுரை, 1914 ஸெப்டம்பர் 22-23 தேதியிட்ட ஜினீவாப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. ஸெப்டம்பர் 22 இரவுதான் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு போட்டது. அந்தக் கப்பல் நம் பேச்சில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போயிற்று. கெட்டிக்காரனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். ரோலந்தின் கட்டுரைக்கு அவர் நாட்டில் கிடைத்தது வசை. துரோகி என்றார்கள்.

ரோலந்து பேனாவை வைத்துவிட்டு, 1914 அக்டோபரிலிருந்து 1915 ஜூலை வரையில், ஜினீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய யுத்தக் கைதிகள் நிலையத்தில் கூலி வாங்காத குமாஸ்தாவாக வேலை செய்தார். பிற்பாடு மாஸரேலும் அங்கே மொழிபெயர்ப்பாளராகத் தொண்டு செய்தார். அது என்ன இடம் தெரியுமா? ராத் மியூசியம் என்ற சித்திரசாலை. ஓவியங்கள் மாட்ட வேண்டிய கூடத்தில் பெட்டி பெட்டியாகக் கார்டுகள். காணாமல் போனவன் பெயர், பட்டாளம், கடைசியாகக் கண்ட இடம். எல்லாத் தேசத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. என் பையனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடுதாசி இல்லை, என் புருஷன் உயிரோடிருக்கிறாரா, இப்படி. யுத்தம் முடிகிறபோது அங்கே சேர்ந்திருந்த கார்டுகள் ஏறக்குறைய எழுபது லட்சம்.

இப்போது ஆச்சியின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய தம்பி அந்த யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போனவன். அவனிடமிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். "சொகமா இருக்கேன்னுதான் தம்பி அதுல எளுதியிருந்துச்சு" என்று ஆச்சி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவன் திரும்பி வரவில்லை. யுத்தகளத்திலிருந்து வந்த கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்துத்தான் விட்டார்கள். சுகமில்லை என்று எவன் எழுதுவான்? ஆனால் ஆச்சிக்குத் தணிக்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எழுத்து தன்னிடம் பொய் சொல்லிவிட்டது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். நான் கதை சொல்லும்போது அவள் எழுந்து போனதற்கு என் கதை காரணமா, இது காரணமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அப்படிப்பட்ட கடிதங்களின் நடுவே உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் மாஸரேல். தாய்மார்கள் கேட்கிற கேள்வி ஒரு பாஷையில் வரும். அதை இன்னொரு பாஷையில் ஆக்க வேண்டும். பாஷைகள் வேறே தவிர விஷயம் வேறாக இல்லை என்பது அவருக்குப் புலப்பட எத்தனை நாள் பிடித்திருக்கும்? இது என் ஊகம். ஆனால் அதன் பிறகு அவர் செய்தவற்றைப் பார்த்தால் ஊகம் தப்பென்று தோன்றவில்லை.

1917-ல் ஜினீவாவில் 'லா ஃபேய்' என்ற தினசரி ஆரம்பமாயிற்று. 'தாள்' என்று அர்த்தம். யுத்தத்தை எதிர்த்த பத்திரிகை. மாஸரேல் அதற்கு ஏறக்குறைய நாள்தோறும் ஒரு படம் போட்டார். பத்திரிகை 1920 வரையில் நடந்தது. படங்களின் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டும். அன்றாடத் தந்திச் செய்திகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தூரிகையால் கன்னங்கரேலென்று தீட்டிக் கொடுத்துவிடுவார். தினசரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மட்டக் காகிதத்தில் நுணுக்கமான கோடு நிற்காது; மை பரவி அப்பிவிடும். தடித்த கறுப்புத்தான் பிழைக்கும். அவருடைய கைக்கு அந்தக் கறுப்பு அங்கேதான் படிந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தப் படங்களின் அடியில் வாசகம் உண்டு. ஒரு மந்திரியின் பேச்சோ, ஒரு சேனாதிபதியின் அறிக்கையோ மேற்கோளாக இருக்கும். அதன்மேல் படம் உண்மையைக் காட்டும். நல்ல யுக்திதான். ஆயினும் மந்திரியைக் கேலி செய்ய மந்திரியின் வார்த்தை வேண்டியிருக்கிறது. அவர் பேசாவிட்டால் படமும் ஊமை. மறுநாள் மந்திரி மறந்துபோவார், படமும் மறந்துபோகும்.

அதே வருஷம் மாஸரேல் மரப்பலகையை எடுத்தார். ஒரு வரிசையில் ஏழு படங்கள். தலைப்பு, 'செத்தவர்கள் பேசுகிறார்கள்.' இன்னொன்றில் பத்துப் படங்கள். தலைப்பு, 'செத்தவர்களே, எழுந்திருங்கள்!' ஆச்சி பார்த்த முண்டங்கள் இந்த இரண்டாவது வரிசையைச் சேர்ந்தவை. இந்தத் தலைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1915 ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுப் பதுங்கு குழியில் ஜெர்மானியர் புகுந்தபோது, பெரிக்கார் என்ற அதிகாரி, கீழே விழுந்து கிடந்தவர்களைப் பார்த்து இப்படிக் கூவினாராம். பிரெஞ்சு அகாடமி அங்கத்தினரும் நாவலாசிரியருமான மோரிஸ் பார்ரெஸ் அதைப் பத்திரிகையில் எழுதித் தேசம் முழுவதும் பரப்பினார். சாகாதவனைச் சாவுக்கு அனுப்ப, செத்தவனையும் படையில் சேர்த்துக்கொண்ட கோஷம் அது. மாஸரேல் அந்தக் கோஷத்தை மறுக்கவில்லை, விவாதம் செய்யவில்லை. சரி, எழுந்திருக்கட்டும் என்றார். எழுந்தார்கள். தலையைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

மரச்செதுக்கு வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. பலகையில் எதைக் கத்தியால் வெட்டி எடுக்கிறோமோ அது வெள்ளையாக நிற்கும்; விட்டது கறுப்பாக விழும். தொடங்குமுன் பலகை முழுவதும் இருட்டு. சித்திரக்காரன் வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கிறான் என்று சொல்லலாம். வலது இடதாக மாறி விழுவதால், அதில் எழுத்தைச் செதுக்குவதென்றால் திருப்பிச் செதுக்க வேண்டும். அச்சுக் கோப்பவர்களுக்குப் பழக்கமான சங்கடம். மாஸரேலுக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை. எழுத்தை விட்டுவிட்டார்.

1918-ல், யுத்தம் இன்னும் ஓயாத வருஷத்தில், 'ஒரு மனிதனின் பாடுகள்: 25 படங்கள்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். பாடுகள் என்பது கிறிஸ்துவுக்குச் சொல்கிற அதே சொல். தலைப்புக்குப் பிறகு எழுத்தே கிடையாது. கர்ப்பமான ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். பிள்ளை பிறக்கிறது, பசியில் திருடுகிறது, சிறைக்குப் போகிறது, ஆளாகி உழைக்கிறது, படிக்கிறது, தொழிலாளர் கூட்டத்தின் முன்னால் நின்று பேசுகிறது. அவனைப் பிடித்து நியாய ஸ்தலத்தில் நிறுத்துகிறார்கள். கடைசிப் படத்தில் அவன் ஒரு சுவரின் முன்னே நிற்கிறான். பீரங்கி ஒன்றுகூட இல்லாத இந்தப் புத்தகத்தை யுத்த எதிர்ப்பென்று நான் ஏன் எண்ணுகிறேன்? லட்சக்கணக்கில் மனிதர்களை எண்ணிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த வருஷத்தில், ஒரே ஒருவன் பிறந்ததிலிருந்து சுவரின் முன் நிறுத்தப்பட்டது வரையில் பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொன்னது அது.

மறு வருஷம் வந்த 'என் ஜெபப் புத்தகம்' 167 படங்கள். ரயிலில் ஊருக்கு வந்து இறங்கும் ஒருவன் காதலித்து, ஏமாந்து, ஊர் சுற்றி, சிரித்து, அழுது, காட்டில் போய்ச் சாகிறான். எலும்புக்கூடாகித் தன் இருதயத்தையே மிதித்துவிட்டு நட்சத்திரங்களினூடே நடந்து போகிறான். தாமஸ் மான் முன்னுரை எழுதியது இதற்குத்தான். யுத்தத்தை உயர்த்தி எழுதிய கை, வார்த்தை இல்லாத புத்தகத்துக்கு வார்த்தை எழுதிற்று. மனிதர்கள் மாறுகிறார்கள், அதுவும் உண்டு.

யுத்தத்தைப் படமாகப் போட்டுக் கண்டித்ததில் மாஸரேல் முதல்வர் அல்ல. 1633-ல் ழாக் காலோ யுத்தத்தின் துன்பங்களைப் பதினெட்டுத் தகடுகளில் செதுக்கினார். ஒரே மரத்தில் பழக்குலை மாதிரி மனிதர்களைத் தூக்கில் தொங்கவிட்டிருக்கும் படம் எல்லோருக்கும் தெரிந்தது. அடியில் செய்யுட்கள்; மரத்தில் தொங்குகிறவர்கள் குற்றவாளிகள், அவர்களுக்கு இது தகும் என்கிற தோரணையில். படம் ஒன்று சொல்ல, செய்யுள் ஒன்று சொல்கிறது. ஸ்பெயினில் கோயா 1810-லிருந்து பத்து வருஷம் 'யுத்தத்தின் நாசங்கள்' என்று எண்பதுக்கு மேற்பட்ட தகடுகள் செய்தார். அவர் செய்யுள் எழுதவில்லை. படத்துக்கடியில் இரண்டொரு சொல், பெருமூச்சு மாதிரி. தாம் நேரில் கண்டதென்று ஓர் இடத்தில் குறித்திருக்கிறார். உயிரோடிருந்தவரையில் அதை வெளியிட அவருக்கு முடியவில்லை. 1828-ல் இறந்தார், படங்கள் வெளிவந்தது 1863-ல். செய்யுள் சுருங்கிச் சொல்லாயிற்று. மாஸரேலிடம் வந்து சொல்லும் போயிற்று.

அந்தக் காலத்தில் இதே கத்தியைக் கையில் எடுத்த இன்னொருவரை விட்டுவிட மனம் வரவில்லை. பெர்லினில் கேட்டே கோல்விட்ஸ் என்ற அம்மாள். அவருடைய இளைய மகன் பீட்டர் பதினெட்டு வயதில் தானே போய்ப் படையில் சேர்ந்தான், தாய் தடுக்கவில்லை. 1914 அக்டோபரில் ஃபிளாண்டர்ஸில், மாஸரேலின் ஊர்ப்பக்கத்தில், இறந்தான். அம்மாள் சொல்லவேண்டியதைச் சொல்ல வழி தெரியாமல் ஏழெட்டு வருஷம் தவித்து, கடைசியில் மரப்பலகையில் ஏழு படங்கள் செதுக்கினார். தலைப்பு 'யுத்தம்.' ஆனால் யுத்தகளமே அதில் இல்லை. குழந்தையை நீட்டிப் பிடிக்கும் தாய், தம்பட்டம் அடிக்கும் மரணத்தின் பின்னால் போகும் பையன்கள், ஒருவர்மேல் ஒருவர் கவிழ்ந்து ஒரே கறுப்புக் குன்றாகிவிட்ட தகப்பனும் தாயும், விதவைகள். தம்பட்டக்காரனை ஒட்டினாற்போலப் போகிற முகம் பீட்டருடையது. ரோலந்துக்கு அந்தப் படங்களைப் பற்றி அம்மாள் கடிதம் எழுதினார். எல்லாரும் ஒரே வட்டம்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஊமைப் படத்துக்கு 'ஏன்' என்று சொல்லத் தெரியாது. எந்த ஒப்பந்தம், எந்த மந்திரி, எந்தக் கடன், ஒன்றும் அதற்குள் வராது. மாஸரேலின் படங்களில் குற்றவாளி யாரென்று பார்த்தால், பெரும்பாலும் தொந்தியும் சுருட்டுமாக ஒரு பணக்காரர் வருவார். ஒரே ஆசாமி எல்லா நாட்டிலும் எல்லாப் பாவத்தையும் செய்கிறார். நாவலாசிரியனாக எனக்கு அவரிடம் நம்பிக்கை கிடையாது. தொந்தி இல்லாதவர்களும், நல்ல கட்டுரை எழுதுகிறவர்களும் யுத்தத்தை நடத்தினார்கள் என்பதுதான் மேலே சொன்ன பட்டியல்.

யுத்தத்தை அவர் நிறுத்தினாரா என்றால், இல்லை. ஹிட்லர் வந்தபின் ஜெர்மனியில் அவருடைய புத்தகங்களைத் தடை செய்தார்கள். எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு என்ன காரணம் எழுதினார்களோ! 1940 ஜூனில் பாரிஸ் விழுந்தது. ஐம்பது வயதான மாஸரேல், வண்டியும் மூட்டையும் குழந்தையுமாகத் தெற்கே ஓடிய ஜனங்களோடு தாமும் ஓடினார். அதை 25 சித்திரங்களாகத் தீட்டினார். 1941-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரில் 'மரணத்தின் நடனம்' என்று வெளிவந்தது. இந்தத் தடவை எலும்புக்கூட்டுக்கு ஓய்வே இல்லை. 1972-ல் ஆவிஞோனில் காலமானார்.

அவர் தொடங்கிய வழியில் பலர் போனார்கள். அமெரிக்காவில் லிண்ட் வார்ட், ஜெர்மனியில் படிக்கப் போனபோது மாஸரேலின் புத்தகம் ஒன்றைக் கண்டு, 1929-லிருந்து வார்த்தையில்லா நாவல்கள் செய்தார். எனக்கு மிக வேண்டியது 1951-ல் வந்த 'தென் சிலுவை.' செய்தவர் கனடாவில் வாழ்ந்த லாரன்ஸ் ஹைட். 1946-ல் பிகினித் தீவு ஜனங்கள் 167 பேரைக் கப்பலேற்றி அப்புறப்படுத்திவிட்டு அமெரிக்கர்கள் அங்கே அணுகுண்டைப் பரீட்சை செய்தார்களல்லவா, அதன்மேல் எழுந்த கோபம் அந்தப் புத்தகம். 118 படங்கள். ஒரு தீவை மாலுமிகள் காலி செய்கிறார்கள். குடித்த மாலுமி ஒருவன் ஒரு மீனவன் மனைவிமேல் கை வைக்கிறான். மீனவன் அவனைக் கொன்றுவிடுகிறான். பயந்துபோய்ப் புருஷனும் பெண்சாதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டில் ஒளிகிறார்கள். கப்பல் போய்விடுகிறது. குண்டு விழுகிறது. தாயும் தகப்பனும் போய்விட, குழந்தை மட்டும் மிஞ்சி நிற்கிறது.

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தபோது ஆச்சி இல்லை. இரண்டு வருஷம் முந்தியே போய்விட்டாள். இருந்திருந்தால், அந்தப் பிள்ளையை அப்புறம் யார் எடுத்தார்கள் என்று கேட்டிருப்பாள்.